நாற்பது வருட அனுபவம் என்றால் நாற்பது பெரும்போகம்தானே?

வெல்லாவெளிப்பொடியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவந்ததற்குக் குறை நினைக்க வேண்டாம், தீர்த்து வைக்க வேறு ஆள் இல்லை.

எங்களுக்கு மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வயல். மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போகத்தில் விதைத்து இருபது, இருபத்தைந்து நாள் ஆனதும் அப்பா ஒரு பூச்சி மருந்து அடிப்பார். இலை வெளுத்தாலும் அடிப்பார், வெளுக்காவிட்டாலும் அடிப்பார். முன்கூட்டியே ஒன்று போட்டுவிட்டால் பிறகு தொல்லை இல்லை என்பது அவர் கணக்கு. கமநல சேவை நிலையத்தில் நடந்த வகுப்பில், முதல் நாற்பது நாளைக்குப் பூச்சி மருந்தைத் தொடவே வேண்டாம் என்றார்கள். வீட்டில் வந்து சொன்னேன். "நாப்பது வருசமா வெள்ளாமை செய்யிறன். அடிச்ச வருசமெல்லாம் விளைஞ்சிருக்கு. உனக்குப் பாடம் எடுத்தவர் எத்தனை ஏக்கர் விதைச்சவர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அப்பா அடிக்காமல் விட்ட வருடம் என்று ஒன்றுமே கிடையாது. அப்படியானால் அடித்ததால்தான் விளைந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒன்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருடைய அனுபவத்தில் பதில் இருக்கிறதா இல்லையா?

---

நிந்தவூர்க்காக்கா எழுதியது:

தம்பி, உன் அப்பாவின் பக்கம் ஒருவர் பேச வேண்டும், நான் பேசுகிறேன்.

பயிர் மஞ்சள் பிடிக்கிறது என்று வை. உரம் குறைவா, நோயா, வேரில் தண்ணீர் கெட்டுக் கிடக்கிறதா? படித்தவர் இலையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார். நாங்கள் சேற்றில் காலை வைத்து எடுப்போம். குமிழி குமிழியாக எழும்பி அழுகல் முட்டை நாற்றம் அடித்தால் வரம்பை வெட்டித் தண்ணீரை வடியவிடுவோம். மண் காற்றுக் குடித்ததும் பயிர் தெளியும். இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. வாப்பா கூடச் சொல்லித் தரவில்லை, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றேன், அவ்வளவுதான்.

அனுபவத்தைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டுமா? 2021 மே மாதம் இரசாயன உரமும் மருந்தும் இறக்கத் தடை போட்டார்கள். வயல் காரியங்களைப் பார்க்கும் எந்த வட்டைவிதானையைக் கேட்டார்கள்? நவம்பரில் தடையை எடுத்தபோது பல இடங்களில் நெல் முளைத்து நின்றது. அந்தப் பெரும்போகம் நாடு முழுக்க நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதனால் "அனுபவத்துக்கு எல்லை உண்டு" என்று யாராவது பேசத் தொடங்கினாலே எனக்கு முதலில் வருவது பயம்தான்.

---

பச்சைவட்டை எழுதியது:

காக்கா சொன்ன சேற்றுக் குமிழியில் ஒரு குறையும் இல்லை. நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். அந்த வைத்தியத்தை நானே வயல்காரர்களிடம்தான் படித்தேன். அது ஏன் நம்பகமான பாடம் என்று பாருங்கள். வரம்பை வெட்டுகிறீர்கள், சில நாளில் பயிர் தெளிகிறது. பக்கத்து வயலில் வெட்டவில்லை, அங்கே மஞ்சளாகவே நிற்கிறது. செய்ததும் தெரிகிறது, செய்யாததும் கண் முன்னே தெரிகிறது. அதே போகத்தில் வேறொரு மூலையில் திரும்பவும் செய்து பார்க்கலாம்.

தம்பியின் அப்பா அடிக்கும் முதல் மருந்து அந்த இனம் இல்லை. நாற்பது வருடம் என்றால் நாற்பது பெரும்போகம். ஒவ்வொன்றிலும் மழை வேறு, விதைத்த நாள் வேறு, நெல் இனமே வேறு. எல்லாப் போகத்திலும் மாறாமல் நின்றது ஒன்றுதான், அவர் மருந்து அடித்தார். எதை மாற்றவே இல்லையோ அதைப் பற்றி அனுபவம் வாய் திறக்காது. நல்ல விளைச்சலை "அடித்ததால் வந்தது" என்று எழுதிக்கொள்வோம், கெட்ட விளைச்சலை "அடித்தும் இப்படி, அடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ" என்று எழுதிக்கொள்வோம். இரண்டு வழியாலும் மருந்து தப்பிவிடும்.

இப்போது அறக்கொட்டியான் கதை. படித்தவர்கள் கபிலநிறத் தத்தி என்பார்கள். நெல் தூரைக் கையால் விலக்கி, அடித் தண்டில் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே பார்த்தால் பழுப்பாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீரில் விழுந்து துள்ளும். கூட்டம் பெருத்தால் வயலின் நடுவே வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும், தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்பு வைத்த இடமென்றே நினைப்போம். இது தன் முட்டையைத் தண்டின் மடலுக்குள்ளே செருகி வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து பெரும்பாலும் அந்த முட்டையைத் தொடாது. யாரைத் தொடும்? வயலில் ஓடித் திரியும் சிலந்தியை, தத்தியின் முட்டையை உறிஞ்சும் சிறிய பச்சைப் பூச்சியை. அவை செத்த பிறகு முட்டை பொரிக்கிறது, குஞ்சைத் தின்ன ஆள் இல்லை. ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை. விவசாயி என்ன பார்க்கிறார்? அடித்த அன்று பூச்சி விழுந்ததைப் பார்க்கிறார், பிறகு ஒரு நாள் பூச்சி வந்ததைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம். "அன்றைக்கே அடித்ததால் இவ்வளவு நாள் தாங்கியது, இப்போது இன்னொன்று போட வேண்டும்" என்பதுதான் கண்ணால் கண்டதிலிருந்து கிடைக்கும் நியாயமான முடிவு. நியாயமான முடிவு, ஆனால் தலைகீழான முடிவு.

இது கற்பனை இல்லை. இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் அரசே மானியம் கொடுத்து மருந்தடிக்க வைத்தது, தத்தி அடங்கவில்லை. 1986இல் சனாதிபதி சுகார்த்தோவின் உத்தரவில் நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தார்கள், பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள். அதனால் நெல் விளைச்சல் விழவில்லை. அங்கேயிருந்துதான் வயலையே வகுப்பறையாக்கும் விவசாயிகள் வயற்பள்ளி முறை வந்தது.

---

பழுகாமத்துக்காரி எழுதியது:

பன்றி நெல் என்கிற களையைப் பிடுங்கப் போகிற பெண்களிடம் கேட்டிருந்தால் இந்தச் சிலந்திக் கதையை எப்போதோ சொல்லியிருப்பார்கள். மருந்து அடிக்காத வயலில் இறங்கினால் முழங்கால் வரை சிலந்தி ஏறும், தட்டித் தட்டி விட வேண்டும். அடித்த வயலில் ஒன்றும் ஏறாது, நிம்மதியாக வேலை செய்யலாம். நாங்கள் அதை நல்ல வயல் என்று சொல்லிக்கொண்டோம். வயல் சொந்தக்காரப் போடியாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

---

மருதமுனைத்தறி எழுதியது:

வயல் எனக்குத் தெரியாது. கைத்தறி தெரியும். பச்சைவட்டை சொன்னதை எங்கள் தொழிலில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் பொருந்துகிறது.

தறியில் பிழை ஒளிந்துகொள்ளாது. பாவு நூல் ஒன்று அறுந்தால் துணியில் உடனே ஒரு கோடு விழும். நாடா ஓடும் சத்தமே மாறும், கண் பார்க்கும் முன் காது சொல்லிவிடும். பலகை அடிக்கும் பலம் கூடினால் நெசவு இறுகும், குறைந்தால் வலைபோல் நிற்கும், விரல் வைத்தால் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை நாடா ஓடுகிறதோ அத்தனை ஆயிரம் தடவை பாடம். அதனால்தான் பள்ளிக்கூடம் போகாத உம்மாமார் கூட மருதமுனையில் தறிக்கு ராணிகள்.

ஆனால் அதே உம்மாவிடம் "அடுத்த பெருநாளைக்கு என்ன நிறச் சாரி ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் கடைக்காரர்தான் "இருபத்தைந்து வருசமாகக் கடை வைத்திருக்கிறேன்" என்று அடித்துச் சொல்வார். வருடத்துக்கு இரண்டு பெருநாள், ஒவ்வொன்றிலும் வேறு கூட்டம், விற்காமல் தேங்கியதற்கு ஆயிரம் காரணம். கையும் கண்ணும் படிப்பது ஒன்று, கணக்குப் போட்டுக் கணிப்பது வேறொன்று. இரண்டையும் அனுபவம் என்றே சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

---

இறக்காமம்_இரவு எழுதியது:

யானைக்கும் அனுபவம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். முதலில் யானை வெடிக்கு ஓடியது. பிறகு வெடி வெறும் சத்தம்தான் என்று படித்துக்கொண்டு காதை ஆட்டிவிட்டு நிற்கிறது. மின்சார வேலி போட்டார்கள், காய்ந்த மரத்தைத் தள்ளி வேலி மேல் விழுத்தப் படித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அனுபவத்தால் முழுப் பயன் பெற்ற ஒரே ஆள் அதுதான்.

---

கல்லடிவாசி எழுதியது:

நெல்லில் பிழைத்தால் அடுத்த போகம் இருக்கிறது. கடலில் அப்படி இல்லை. அதனால் நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பெத்தப்பா காலத்து அளவுகோல் 1978 நவம்பர் 23 சூறாவளி. மட்டக்களப்பில் வயதானவர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "அது சூறாவளிக்கு முன்னம்", "இது சூறாவளிக்குப் பின்னம்" என்றுதான் காலத்தைப் பிரிப்பார்கள். அந்த இரவு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு. ஒன்று, ஓலை வீட்டையும் தகரக் கூரையையும் விட்டுவிட்டுப் பலமான கல் கட்டடத்துக்குள் போய் அடைந்து கிட. இரண்டு, நடுவில் காற்று திடீரென்று ஓய்ந்தால் நம்பி வெளியே வராதே. புயலின் கண் கடக்கும் நேரம் அது, மறுகா எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். இரண்டும் அருமையான பாடங்கள், புயலுக்கு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி நாள். வெயில். காற்று இல்லை, கறுப்பு மேகம் இல்லை. கடல் கோபித்தால் என்னென்ன தெரியும் என்று மீன்பிடிக்காரருக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன். அலை கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எதையாவது உணர்ந்திருக்க வேண்டியவர்கள் வாழ்நாளெல்லாம் கரையில் நின்றவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த கடலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இலங்கையில் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு என்று வரிசையாக ஊர்கள். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வீதி.

அதற்குப் பிறகு நாம் எல்லாரும் ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டோம்: கடல் உள்வாங்கினால் ஓடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அதுதான். தப்பான பாடம் என்று சொல்லவில்லை, உள்வாங்கினால் ஓடத்தான் வேண்டும். ஆனால் 2004இல் சுமாத்திராவுக்கு மேற்கே இருந்த நம் பக்கத்துக்கு வந்த முதல் அலை உள்வாங்கிக்கொண்டு வரவில்லை, ஏறிக்கொண்டுதான் வந்தது. பிளந்த இடத்தின் மேற்குப் பக்கக் கடல்தரை மேலே எழும்பியது, அதனால் மேற்கே புறப்பட்டது மேடு. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது, அதனால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. நம் பக்கம் வற்றியது முதல் ஏற்றத்துக்குப் பிறகு, அடுத்த பெரிய அலைக்கு முன். தொலைக்காட்சியில் தாய்லாந்துப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்களுடைய அனுபவத்தை நம்முடையது என்று நினைவில் வைத்துக்கொண்டோம். "வற்றவில்லையே, பயமில்லை" என்று அடுத்த தடவை யாராவது கரையில் நின்றால்?

இன்னும் முடியவில்லை. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவில் திரும்பவும் பெரிய அதிர்வு, ஊரே இருட்டில் ஓடியது, இங்கே ஒன்றும் வரவில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 8.6 அளவில் இன்னொன்று. திரும்பவும் ஓடினோம், திரும்பவும் ஒன்றும் இல்லை. காரணம் இருக்கிறது. 2012இல் கடல்தரை மேலும் கீழும் எழும்பவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது, அதனால் தண்ணீரைத் தூக்கவில்லை. அது விஞ்ஞானிகளுக்குப் பிறகு தெரிந்தது. ஓடிய சனத்துக்குத் தெரிந்தது "இரண்டு தடவை ஓடினோம், இரண்டு தடவையும் சும்மா" என்பது மட்டும். இப்போது எங்கள் ஒழுங்கையில் "சைரன் அடித்தாலும் நான் ஓட மாட்டேன்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2004ஐக் கண்ணால் பார்த்தவர்களும் அதில் உண்டு. அனுபவம் கூடக் கூடப் பயம் குறைந்திருக்கிறது. எனக்கு இதுதான் நெல்லை விடப் பெரிய பிரச்சினை.

---

எழுவான் எழுதியது:

கல்லடிவாசிக்கு நன்றி. சின்ன அளவில் இன்னொன்று சேர்க்கிறேன். மாரியில் வாவி நிரம்பினால், அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டு என்று ஒரு கூட்டம், வெட்டாதே என்று ஒரு கூட்டம். வயல்காரர் தண்ணீர் வடிய வேண்டும் என்பார், வாவியில் தொழில் செய்பவர் மீனும் இறாலும் போய்விடும் என்பார். வெட்டுவார்கள், நாலைந்து நாளில் தண்ணீர் இறங்கும். "பார்த்தாயா, வெட்டியதால் இறங்கியது." அதே நாலைந்து நாளில் மழையும் விட்டிருக்கும், அதை யாரும் பேச மாட்டார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. வெட்டுவதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எவ்வளவு பயன் என்பதை இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது என்கிறேன்.

---

இரவுவார்டு எழுதியது:

தாதியாக வேலை செய்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பாம்புக்கடி வராத வாரம் இல்லை. பாதிப் பேர் விஷகடி வைத்தியரிடம் போய்விட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். "அவர் நூறு பேரைக் காப்பாற்றியவர்" என்பார்கள். அந்த நூறு பேர் பொய்யில்லை. ஆனால் கடிக்கிற பாம்பு எல்லாம் நஞ்சுள்ளதில்லை, நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு தடவையும் நஞ்சை இறக்குவதில்லை. பச்சிலை வைத்தாலும் பிழைப்பார்கள், வெறும் தண்ணீர் கொடுத்தாலும் பிழைப்பார்கள். அவர்கள் மறுநாள் தேங்காயும் பழமும் வைத்துக்கொண்டு வைத்தியர் வாசலுக்குப் போவார்கள். உண்மையிலேயே நஞ்சேறியவர் எங்கள் வார்டில் இறந்தால் அவருடைய சொந்தக்காரர் ஆஸ்பத்திரியைத்தான் ஏசுவார்கள். ஆக வைத்தியருக்குத் திரும்பி வருவது நல்ல செய்தி மட்டும். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அவர் பார்த்ததை வைத்து அவர் நம்புவது சரிதான்.

நாங்கள் செய்வது என்னவென்றால், புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைப்போம். பிறகு ஒரே ஒரு தடவை சரித்துப் பார்ப்போம். உறைந்து நின்றால் அப்போதைக்கு இரத்தம் கெடவில்லை, தண்ணீராக ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது. குழாய் பழையதாக, கழுவியதாக இருந்தால் ஏமாற்றிவிடும், அதனால் புதிதுதான் வேண்டும். யாருடைய அனுபவமும் அந்த 20 நிமிடத்துக்கு ஈடாகாது.

---

அக்கரைப்பற்றான் எழுதியது:

தங்கச்சி, ஒன்று கேட்கலாமா? வைத்தியருக்கு நல்ல செய்தி மட்டும் வருகிறது, சரி. உங்களுக்கு யார் வருகிறார்கள்? வீட்டிலேயே சரியாகிப்போனவர் வார்டுக்கு வர மாட்டார். அப்போ நீங்கள் பார்ப்பதும் ஒரு பக்கம்தானே?

---

இரவுவார்டு எழுதியது:

ஆமாம் அண்ணன், அது சரிதான். வார்டில் நின்று பார்த்தால் எல்லாக் கடியும் பயங்கரமாகத்தான் தெரியும். வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் முழுக் கணக்கு வரும், அதை வார்டில் நிற்பவர் செய்ய ஏலாது, வைத்தியரும் செய்ய ஏலாது. ஆனால் இதை வாசித்துவிட்டு யாரும் "அப்போ வீட்டிலேயே இருந்து பார்ப்போம்" என்று இருந்துவிட வேண்டாம். எண்ணெய் விரியன் (கட்டுவிரியன், மேலே சொன்ன விரியன் இனம் இல்லை) கடித்தால் வலிகூடப் பெரிதாக இருக்காது, சில மணித்தியாலத்துக்குப் பிறகு இமை தொங்கும், மூச்சு நிற்கும். உடனே வாருங்கள்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

ஓய்வு பெற்ற ஆசிரியன். நீங்கள் எல்லாரும் புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பேசுவதைச் சைவ சித்தாந்தம் அளவை என்று எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது: காண்டல், கருதல், உரை. கண்டது ஒன்று, கண்டதை வைத்து ஊகித்தது ஒன்று, நம்பத்தக்கவர் சொன்னது ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் டேவிட் ஹியூம் என்பவரும் இதைத்தான் குடைந்தார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு, இதுவரை நடந்தது என்பதைத் தவிர நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று.

---

நிந்தவூர்க்காக்கா எழுதியது:

சேர், ஹியூம் எத்தனை ஏக்கர் விதைத்தவர்?

---

சுண்ணக்கட்டி எழுதியது:

நன்றாகக் கேட்டீர்கள். ஒரு ஏக்கரும் இல்லை. அவரை விடுங்கள், உரைக்கு வருகிறேன், கல்லடிவாசியின் கவலைக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலு என்று ஒரு தீவு. 2004இல் அதிர்வு தொடங்கிய இடத்துக்கு மிகக் கிட்ட இருந்த தீவு அது. அலை வர எங்களுக்குக் கிடைத்த இரண்டு மணித்தியாலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, சில நிமிடம்தான். ஏறத்தாழ 78,000 சனம். இறந்தது ஏழு பேர். 1907இல் அங்கே ஓர் அலை வந்து ஏராளமானோர் செத்தார்கள். அதை "ஸ்மொங்" என்று பெயர் வைத்துப் பாட்டிலும் தாலாட்டிலும் பேரப்பிள்ளைக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு, எதற்கும் காத்திராதே. 2004இல் ஓடியவர்களில் 1907ஐக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்? தங்கள் அனுபவம் என்று ஒன்றும் இல்லாமல், செத்தவர்களின் அனுபவத்தை நம்பி ஓடினார்கள்.

---

கல்லடிவாசி எழுதியது:

சேர், அது அவர்களுக்குச் சரி. அவர்கள் காலடியில் நிலம் ஆடும். நமக்குச் சுமாத்திரா அதிர்வு பெரும்பாலும் காலில் தெரியாது. அவர்களுடைய தாலாட்டை அப்படியே எடுத்து இங்கே பாடினால் அதுவும் தாய்லாந்துப் படம் மாதிரி ஆகிவிடும். நமக்கு வேண்டியது "சைரன் அடித்தால் ஓடு, பத்துத் தடவை சும்மா போனாலும் பதினோராவது தடவையும் ஓடு" என்கிற தாலாட்டு. அதை எப்படிப் பாடுவது, பத்துத் தடவை சும்மா ஓடியவன் எப்படிக் கேட்பான் என்றுதான் தெரியவில்லை.

---

வெல்லாவெளிப்பொடியன் எழுதியது:

எவ்வளவோ படித்தேன், எல்லாருக்கும் நன்றி. ஆனால் கேள்வி இன்னும் வீட்டில் நிற்கிறது. அப்பாவிடம் இந்தோனேசியாவைச் சொன்னால் "அது இந்தோனேசியா" என்பார். சிமெலுவைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார். பச்சைவட்டை ஐயா, இனி நான் என்ன செய்வது?

---

பச்சைவட்டை எழுதியது:

வாதாடாதே. வாதத்தில் நீ வென்றாலும் அவர் வயலில் அடிக்கத்தான் போகிறார்.

1994இல் வியட்நாமின் மெகொங் கழிமுகத்தில் இதே பிரச்சினைக்கு ஒரு வழி செய்தார்கள். வானொலியில் நகைச்சுவை நாடகம் போட்டு, "எங்களை நம்ப வேண்டாம், உங்கள் வயலில் ஒரு சின்னத் துண்டில் மட்டும் முதல் 40 நாள் பூச்சி மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள்" என்றார்கள். அங்கேயும் இலை மடிக்கிற புழுவைக் கண்டுதான் முதல் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், நாம் மடிச்சுக்கட்டி என்போமே அது. இலை வெள்ளையாகச் சுரண்டிக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரியும், ஆனால் இளம் பயிர் புதுக் கிளை வெடித்து அந்த இழப்பை ஈடு செய்துவிடும். அறுவடையில் வித்தியாசம் இல்லை என்று தங்கள் நெல்லையே பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் அங்கே மருந்தடிக்கும் தடவை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஆகவே அப்பாவிடம் ஒரு துண்டு கேள். கொடுத்தால் நாலு விசயம் கவனி. வரம்போரமும் வாய்க்கால் வாயும் வேண்டாம், அங்கே பயிர் எப்போதும் வேறு மாதிரி. உரமும் தண்ணீரும் களைக்கொல்லியும் மற்ற இடத்தைப் போலவே இருக்க வேண்டும், பூச்சி மருந்து மட்டும் இல்லை. பக்கத்தில் அடிக்கும்போது காற்று அந்தப் பக்கம் வீசினால் துண்டு கெட்டது. வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தூரைத் தட்டி, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எழுது. அப்பாவும் கூட நின்று எண்ணினால் நல்லது. தத்தி கணக்கு மீறி ஏறினால், குறிப்பாகக் கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவம் தாண்டி ஏறினால், பிடிவாதம் பிடிக்காமல் போதனாசிரியரைக் கூப்பிட்டு அந்தத் துண்டுக்கும் அடித்துவிடு. ஒருபோதும் அடிக்கக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

ஒரு துண்டு, ஒரு போகம், அதை வைத்து எதையும் அடித்துச் சொல்லவும் ஏலாது. அந்த வருடம் தத்தியே வராமல் இருந்திருக்கலாம். வட்டையில் இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு துண்டு விட்டால்தான் கணக்கு.

---

நிந்தவூர்க்காக்கா எழுதியது:

சொல்வது சுலபம் ஐயா. துண்டில் விளையாவிட்டால் யார் தருவது? சொந்தக் காணிக்காரன் விட்டுப் பார்க்கலாம். குத்தகைக்குச் செய்பவன் எத்தனை மூட்டை என்று முன்பே பேசியிருக்கிறான், பூச்சி தின்றாலும் அதைக் கட்ட வேண்டும். விதையும் உரமும் மருந்தும் கடையில் கடனுக்கு எடுத்தது. கடன் தந்தவரே "இருபதாம் நாள் இதை அடி" என்று போத்தலையும் கையில் தருகிறார். அவர் பேச்சை மீறி அடிக்காமல் விட்டு, மறுகா பூச்சி பிடித்தால் அடுத்த போகத்துக்குக் கடன் எங்கே? அடித்தும் விளையாவிட்டால் விதி என்பார்கள். அடிக்காமல் விளையாவிட்டால் மடையன் என்பார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இருபதாம் நாள் அடிக்கிறவனுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

---

பச்சைவட்டை எழுதியது:

முடியாது. இந்த இழையிலேயே கனமான பதிவு இதுதான் என்று நினைக்கிறேன். விட்டுப் பார்க்கக் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். திணைக்களம் துண்டுக்கு நட்டஈடு தந்தால் ஆயிரம் பேர் விடுவார்கள், அதை நான் வேலையில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குத் துண்டைச் சின்னதாக்குவதுதான் வழி. விளையாமல் போனாலும் குத்தகை நெல் இடிக்காத அளவு, ஒரு வீட்டு வளவுக்குள் அடங்குகிற அளவு போதும்.

---

நிந்தவூர்க்காக்கா எழுதியது:

அந்த அளவென்றால் நானே ஒன்று விடுகிறேன். குத்தகைக் காணியில் இல்லை, வாப்பா தந்த துண்டில். நம்பி விடவில்லை, தம்பியின் அப்பாவுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று. அவரிடம் சொல், நிந்தவூரில் ஒரு கிழவனும் விடுகிறான், யார் முதலில் தோற்பது என்று பார்ப்போம் என்று. ஆனால் ஒரு சந்தேகம். வெட்டு மெசின் வந்தால் இரண்டு நெல்லையும் ஒரே தொட்டியில் கொட்டும். பிறகு எதை வைத்து அளப்பது?

---

பச்சைவட்டை எழுதியது:

மெசின் வருவதற்கு முதல் நாளே துண்டைக் கயிறு கட்டித் தாக்கத்தியால் வெட்டிவிடுங்கள். அதே அளவுக்கு அடித்த பக்கத்திலும் ஓர் இடம் வெட்டுங்கள், நன்றாக நிற்கிற இடமாகத் தேடி எடுக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனிப் படங்கில் அடித்து, ஒரே வெயிலில் காயவைத்து நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் ஒரு பக்கம் சும்மா கூடும்.

---

வெல்லாவெளிப்பொடியன் எழுதியது:

அப்பாவிடம் காக்கா சொன்னதைச் சொன்னேன். "நிந்தவூர் மண்ணும் நம்ம மண்ணும் ஒண்டா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, எந்த இடம் கேட்கிறாய் என்று கேட்டார். நடு வயலில் காட்டினேன். அது நல்ல விளையும் இடம், தர ஏலாது என்று மேட்டுப் பக்கம் ஒன்றைக் காட்டுகிறார். மேட்டில் தண்ணீர் நிற்காது. அதை எடுக்கலாமா, வேறு கேட்கவா?

---

பச்சைவட்டை எழுதியது:

எடு. ஆனால் ஒப்பிடுவதற்கு அடித்த பக்கத்தையும் அதே மேட்டிலேயே எடு.